நாட்பட்ட பீனிசம்: மூக்குச் சவ்வில் என்ன மாறுகிறது, வீட்டில் எப்படிக் கழுவுவது

மூக்கடைப்பு, தொண்டைக்குள் இறங்கும் சளி, முகப் பாரம், மணம் தெரியாமை. இவற்றில் குறைந்தது இரண்டு அறிகுறிகள் 12 வாரம் விடாமல் இருந்தால் அதைத் தடிமன் என்று தள்ளிவைக்க முடியாது; நாட்பட்ட பீனிசமாக, அதாவது சைனஸ் அழற்சியாக இருக்கலாம். "தலையில நீர் கோத்திருக்கு" என்று மலையகத்தில் சொல்வதுண்டு. நீர் ஏன் போகாமல் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

மூக்கையும், முக எலும்புகளுக்குள் காற்று நிறைந்திருக்கும் சைனஸ் அறைகளையும் ஒரே சவ்வுதான் போர்த்தியிருக்கிறது. அதன் மேலிருக்கும் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவை அளவில் அசைந்து, சளிப் படலத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றர் நகர்த்தும். கன்ன எலும்புக்குள் உள்ள அறையின் வாசல் மேல்பக்கத்தில் இருப்பதால், சளி தானாக வடியாது. நுண்மயிர்தான் மேடேற்ற வேண்டும். அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால் நுண்மயிர் உதிரும், சளி சுரக்கும் செல்கள் பெருகும், சளி கெட்டியாகும். சவ்வின் அடித்தளம் தடிக்கும், அதற்குக் கீழே வீக்கம் கட்டும். சிலருக்கு அந்த வீக்கமே தொங்கி, உரித்த திராட்சை போல வெளிறிய பொலிப் ஆகும், தொட்டால் நோகாது. வேறு சிலருக்குச் சவ்வு தோல் போலத் தட்டையாகி, பொருக்குக் கட்டும்.

வீக்கம் மருந்துக்கு இறங்கும். நுண்மயிர் திரும்ப முளைக்க வாரங்களோ மாதங்களோ ஆகலாம். நார் படிந்து இறுகிய இடம் பழையபடி ஆவது அரிது. ஐந்து நாள் மாத்திரை விழுங்கிவிட்டு 'குணமில்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

மருந்தோடு மூக்கை உப்புநீரால் கழுவும்போது, தண்ணீரில்தான் முதல் கவனம் வேண்டும். பீலித் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடவே கூடாது. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாத அமீபா, மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிரைப் பறிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே மேட்டுத் தோட்டங்களில் 3 நிமிடம் நன்றாகக் குமிழியிட விடுங்கள். மழைக்குக் கலங்கிய தண்ணீரென்றால் முதலில் துணியில் வடியுங்கள்.

கொதித்த 1 லீற்றருக்கு 9 கிராம் உப்பு. 5 மில்லிலீற்றர் கரண்டியில் மட்டமாக வழித்தால் ஒன்றரைக் கரண்டி. அரைக் கரண்டி அப்பச்சோடா சேர்த்தால் எரிவு குறையும். அயடின் சேர்க்காத தூய உப்பு கிடைத்தால் நல்லது; கடை உப்பு சிலருக்கு எரியும். உப்பு குறைந்தாலும் எரியும், வெறும் தண்ணீர் இன்னும் மோசம். மூடி வைத்து அன்றே முடியுங்கள், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

மணிக்கட்டில் விட்டால் சூடும் குளிரும் தெரியாத பதத்தில், பிழியும் போத்தலில் எடுங்கள். பேசினுக்கு மேல் குனிந்து, வாயைத் திறந்து, வாயாலேயே மூச்சு விடுங்கள். ஒரு பக்கத்துக்கு 100 முதல் 120 மில்லிலீற்றர் வரை, மெதுவாக. வேகமாகப் பிழிந்தால் காது அடைக்கும். இரண்டு மூக்கும் முழுதாக அடைத்திருக்கும் நேரத்தில் கழுவ வேண்டாம். முடிந்ததும் குனிந்து தலையை இருபக்கமும் திருப்பி மிச்சத்தை வடியுங்கள்; இல்லாவிட்டால் கொழுந்து பறிக்கப் போகும் வழியில் ஒழுகும். ஒரு துளையைப் பொத்திக்கொண்டு சிந்தாதீர்கள். போத்தலைச் சவர்க்காரம் போட்டு, கொதித்தாறிய தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள்.

வைத்தியர் ஸ்டீரோயிட் ஸ்பிரே தந்திருந்தால், கழுவி 15 நிமிடம் கழித்து அடியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி கண்ணின் வெளிமூலைப் பக்கம் பார்க்கட்டும். இரு துளைக்கும் நடுவிலுள்ள தண்டில் அடித்தால் அது காய்ந்து இரத்தம் வரும், மருந்தும் சேரவேண்டிய இடத்துக்குச் சேராது. அடித்தவுடன் உறிஞ்சி இழுத்தால் தொண்டைக்குப் போய் வீணாகும். பலன் தெரிய இரண்டு வாரமாவது செல்லும். 8 முதல் 12 வாரம் விடாமல் அடித்த பிறகே போதுமா போதாதா என்று பார்க்கலாம். பாமசியில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு வேறு சாமான். அது சில நிமிடத்தில் திறக்கும், 5 நாளைத் தாண்டினால் முன்னைவிட மோசமாக அடைக்கும்.

லயத்து (தோட்டக் குடியிருப்பு) வீட்டுக்குள் விறகுப் புகை, ஈரச் சுவரின் பூஞ்சணம், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) சலிக்கும்போது பறக்கும் தேயிலைத் தூசி எல்லாம் இந்தச் சவ்வை மேலும் சீண்டும். புகைபோக்கியைச் சரிசெய்வதும் முகக்கவசம் போடுவதும் மருந்தோடு சேர்ந்தவை. ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் சுகம், அவ்வளவுதான். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகள் உண்டு.

பொலிப்போடு ஆஸ்துமாவும் இருந்தால், அஸ்பிரின், டைக்ளோபெனாக் விழுங்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள். சிலருக்கு மூச்சே அடைக்கும்.

ஒரு பக்கம் மட்டும் அடைத்தால், இரத்தம் கசிந்தால், கழுவிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஸ்ட்ரோபெரி போலச் சிவந்து, வெள்ளைப் புள்ளியோடு, தொட்டால் இரத்தம் வரும் சதை ரைனோஸ்போரிடியோசிஸ் ஆக இருக்கலாம். குளத்து நீரோடு தொடர்புள்ள இந்த நோய் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அதிகம். அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மேற்பல் சொத்தையும் ஒருபக்கச் சீழுக்குக் காரணமாகும். தோட்ட டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கி, கண்டி, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் ஈ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்குக்குப் போங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை இரட்டித்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.