அம்மா அப்பாவின் வாட்ஸ்அப்பை அரை மணி நேரத்தில் பத்திரமாக்குவது எப்படி?

"அத்தை, என் போன்ல ஏதோ கோளாறு. என்னோட ஓடிபி உங்க நம்பருக்கு வந்திருக்கும். ஆறு இலக்க நம்பர், சீக்கிரம் அனுப்புங்க."

அண்ணன் மகன் எண்ணிலிருந்து இப்படி ஒரு மெசேஜ் வந்தால் எந்த அத்தையும் அனுப்பித்தான் வைப்பார். ஆனால் கேட்பவன் அண்ணன் மகன் இல்லை. அவன் கணக்கை ஏற்கெனவே பிடித்துக்கொண்ட திருடன். உங்கள் எண்ணைத் தன் போனில் போட்டு வாட்ஸ்அப் தொடங்குகிறான். சரிபார்க்கும் கோடு, அதாவது அந்த ஆறு இலக்க ஓடிபி, எஸ்எம்எஸ்ஸாக உங்களுக்கு வருகிறது. அதைக் கொடுத்த நொடியில் உங்கள் கணக்கு அவன் கையில். பிறகு உங்கள் பெயரிலேயே "அவசரமா பணம் வேணும், ஜிபே பண்ணுங்க" என்று உறவினர்கள் எல்லோருக்கும் போகும்.

இதைத் தடுக்கும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. பெற்றோர் போனை வாங்கி நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விரலாலேயே செய்ய வையுங்கள்.

படி 1: டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்

வேறு எதற்கும் நேரமில்லை என்றாலும் இதை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு செட்டிங்ஸ் போங்கள். அங்கே அக்கவுண்ட், அதற்குள் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். 'டர்ன் ஆன்' கொடுத்ததும் ஆறு இலக்க பின் எண் கேட்கும். பிறந்த தேதி, 123456, வண்டி எண் வேண்டாம். ஏடிஎம் பின்னையும் இங்கே போடாதீர்கள்.

அடுத்து மின்னஞ்சல் கேட்கும். பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். கொடுத்துவிடுங்கள், பின் மறந்துபோனால் உடனே மாற்றிக்கொள்ள அதுதான் வழி. இனி யாராவது எஸ்எம்எஸ் கோடை வாங்கிவிட்டாலும் இந்தப் பின் இல்லாமல் உள்ளே வர முடியாது. வாட்ஸ்அப் அவ்வப்போது இந்தப் பின்னைக் கேட்கும். நமக்கு மறக்காமல் இருப்பதற்காகத்தான், பயப்பட வேண்டாம்.

படி 2: லிங்க்டு டிவைசஸ்

அதே மூன்று புள்ளிகளுக்குள் இருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் வேறு எந்தக் கணினியில் திறந்திருக்கிறது என்று இங்கே தெரியும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்கத் திறந்ததுகூட மூடாமல் கிடக்கலாம். தெரியாதது இருந்தால் அதைத் தொட்டு லாக் அவுட் செய்யுங்கள். எட்டு எழுத்துக் கோடு ஒன்றை அனுப்பி "இதை உங்க வாட்ஸ்அப்ல போடுங்க" என்று யாராவது சொன்னால், அவர்கள் தங்கள் கணினியை உங்கள் கணக்கோடு இணைக்கப் பார்க்கிறார்கள். போடவே கூடாது.

படி 3: ஏபிகே கோப்புகள்

கல்யாண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத சலான், வங்கி கேஒய்சி. இந்தப் பெயர்களில் கோப்பு வந்தால் திறக்கும் முன் பெயரின் கடைசியைப் பாருங்கள். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வீடியோவாகவோ இருக்கும். கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது ஒரு ஆப். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கி ஓடிபியெல்லாம் திருடனுக்குத் தெரிந்துவிடும்.

போன் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, அந்தப் பட்டியலில் வாட்ஸ்அப்புக்கு அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 4: பிரைவசி

செட்டிங்ஸ், பிரைவசி. புரொஃபைல் போட்டோ, குரூப்ஸ் இரண்டையும் 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். கால்ஸ் பகுதியில் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' போட்டுவிட்டால் தெரியாத எண்ணின் அழைப்பு ஒலிக்காது.

இது ஏன் முக்கியம்? போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து, "உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்கு, டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிறார்களே, அந்த அழைப்புகள் பெரும்பாலும் தெரியாத எண்களில்தான் வருகின்றன. சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் இதைச் சொல்லி எச்சரித்தார். "வீட்ல யார்கிட்டயும் சொல்லக்கூடாது, கேமராவை அணைக்கக்கூடாது" என்பார்கள். அதைக் கேட்டதும் கட் செய்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களை உரக்கக் கூப்பிட வேண்டும். தனியாக வசிக்கும் பெற்றோரிடம் இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லி வையுங்கள்.

நிம்மதிக்காக இன்னொன்று: ஓயாமல் சத்தம் போடும் குரூப்களை 'மியூட், ஆல்வேஸ்' செய்யுங்கள். குரூப்பில் யாருக்கும் தெரியாது.

கணக்கு பறிபோய்விட்டால்

உங்கள் போனிலேயே அதே எண்ணை மீண்டும் பதிவு செய்யுங்கள். புதிதாக வரும் கோடைப் போட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் பின் வைத்துவிட்டிருந்தால் நீங்கள் உள்ளே நுழைய 7 நாள் ஆகும், ஆனால் அந்த நாட்களில் அவனாலும் பயன்படுத்த முடியாது. அதற்குள் எல்லோருக்கும் சாதாரண போன் காலில் சொல்லிவிடுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பணம் அனுப்பிய நேரம், தொகை, யுடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் குறிப்பு எண்) மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். கோபத்தில் அந்த சாட்டை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகாரோடு அதைத்தான் இணைக்க வேண்டும்.