ஹைஜியா சிறுகோளைச் சிறிய தொலைநோக்கியில் பிடிப்பது எப்படி?

சிறுகோள் பட்டையின் பெரிய உறுப்பினர்களான வெஸ்டா, சீரிஸ் இரண்டையும் பார்த்து முடித்தவர்கள் அடுத்து தேட வேண்டியது ஹைஜியா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள அந்தப் பட்டையில் நான்காவது பெரியது, விட்டம் சுமார் 430 கிலோமீட்டர். ஆனாலும் 1849இல் நேப்பிள்ஸில் அன்னிபாலே தே காஸ்பாரிஸ் கண்டுபிடித்தபோது, கண்டறியப்பட்ட வரிசையில் அதற்குப் பத்தாவது இடம்தான் கிடைத்தது. காரணம் அதன் மங்கல். கார்பன் மிகுந்த அதன் கருத்த மேற்பரப்பு, மேலே விழும் ஒளியில் சுமார் 7 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. போதாக்குறைக்குப் பட்டையின் வெளிப்பகுதியில் சுற்றுகிறது.

1. எதிர்நிலைக்கு, அதாவது பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கு நேர் எதிரே, வரும் மாதத்தைப் பிடியுங்கள். ஏறக்குறைய 15 மாதத்துக்கு ஒருமுறை வரும். அப்போதும் பொலிவெண் (எண் கூடக் கூட மங்கல்) 9க்கும் 10க்கும் பக்கத்தில்தான் இருக்கும். நிலா இல்லாத இரவும் 6 அங்குல நியூட்டோனியனும் (கண்ணாடி வைத்த தொலைநோக்கி) போதும். மோட்டார் வைத்துத் தானாகத் தேடும் கருவி இதற்கு வேண்டாம் என்பது என் கட்சி.

2. கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளைத் திறந்து எஃப்2 அழுத்துங்கள். பிளக்இன் பகுதியில் சோலார் சிஸ்டம் எடிட்டரை இயக்கி, மென்பொருளை மூடித் திறந்து, ஹைஜியாவின் சுற்றுப்பாதைத் தரவைப் புதிதாக இறக்குங்கள். பழைய தரவு என்றால் குறி தள்ளிப்போகும்.

3. பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஸ்டெல்லேரியத்தோடு கூடவே வருவது பொலிவான விண்மீன்களின் பட்டியல் மட்டுமே. உங்கள் தொலைநோக்கியோ அதைவிட மங்கலானவற்றையும் காட்டும். அதனால் வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி கண்ணில் பட்டதும் ‘இதோ ஹைஜியா!’ என்று தோன்றிவிடும். அது அநேகமாக ஏதோ ஒரு சாதாரண விண்மீனாக இருக்கும். ஆகவே அதே எஃப்2 பெட்டியில் எக்ஸ்ட்ராஸ் பகுதிக்குப் போய்க் கூடுதல் விண்மீன் பட்டியல்களையும் இறக்குங்கள். பொலிவெண் 12 வரை தெரியும்படி, ஒரு பாகை அகல வானம் மட்டும் தெரியும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடுங்கள். கைபேசித் திரை இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுத்துவிடும். தாளும் சிவப்பு விளக்கும்தான் சரி.

4. பக்கத்திலுள்ள பொலிவான விண்மீனிலிருந்து தாவித் தாவி அந்த இடத்துக்கு வாருங்கள். சந்தேகப்படும் புள்ளியையும் சுற்றியுள்ள நாலைந்து விண்மீன்களையும் வரைந்துகொள்ளுங்கள். மறுநாள் அதே இடத்தைப் பாருங்கள். எதிர்நிலையில் ஹைஜியா ஒரு நாளைக்குச் சுமார் 12 பாகைத்துளி (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு துளி) நகரும், அதாவது முழுநிலவின் அகலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. புள்ளி நகராவிட்டால் அது ஹைஜியா இல்லை. வட்டு வடிவம் தெரியுமா என்று காத்திருக்காதீர்கள், தெரியாது.

பின்சேர்க்கை: “படமும் வானமும் ஒத்துப்போகவில்லை” என்று சிலர் எழுதியிருந்தார்கள். நியூட்டோனியனில் காட்சி தலைகீழாக இருக்கும், தாளைத் திருப்பிப் பிடித்தால் போதும். லென்ஸ் தொலைநோக்கியில் டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) மாட்டியிருந்தால் இடவலம் மாறிவிடும், தாளை எப்படித் திருப்பினாலும் பொருந்தாது. ஸ்டெல்லேரியத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எச் மூன்றையும் சேர்த்து அழுத்தி, படத்தை மாற்றிய பிறகு அச்சிடுங்கள்.

இன்னொன்று: மறுநாள் மேகமாக இருக்கும் என்று தெரிந்தால், முதல் இரவிலேயே நான்கு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். 2 பாகைத்துளி நகர்ந்திருக்கும். பக்கத்திலேயே ஒரு விண்மீன் இருந்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டியதும் அந்த நகர்வு தெரிந்துவிடும்.