மதுவரியை உயர்த்தக் கோரும் மனுவை எழுதுவது எப்படி?

மதுபானம் சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே இருப்பதால், அதன்மீது ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் விதிக்கும் அதிகாரம் மாநில அரசிடமே உள்ளது. ஆகவே தமிழ்நாட்டில் உங்கள் மனு நிதித்துறைக்கும், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கும் நிதிநிலை அறிக்கை தயாராகும் முன்பே சென்று சேர வேண்டும்.

விலையை ஏற்றுங்கள் என்று மட்டும் எழுதினால் போதாது. எதன்மீது ஏற்ற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 180 மி.லி. குவார்ட்டரில் ஏறத்தாழ 77 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது. 5 விழுக்காடு உள்ள 650 மி.லி. பீரில் இருப்பதோ 32.5 மி.லி. மட்டுமே. உங்கள் ஊர்க் கடையில் விற்கும் வகைகளின் விலையை இவ்வாறு கணக்கிட்ட அளவால் வகுத்து, ஒரு மி.லி. ஆல்கஹால் எதில் மிக மலிவாகக் கிடைக்கிறது என்று அட்டவணையிட்டுக் காட்டுங்கள். மிகுதியாகக் குடிப்பவர் பெரும்பாலும் மலிவானதையே நாடுவதால், வரி உயர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிரிட்டன் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா மதுவகைகளுக்கும் ஆல்கஹால் விழுக்காட்டின்படியே தீர்வை விதிக்கிறது என்பதை முன்மாதிரியாகக் குறிப்பிடலாம்.

அடுத்து, கூடுதல் வருவாய் எங்கே போக வேண்டும் என்பது. விற்பனையாளரும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே என்பதால், குடி குறைந்தால் கருவூலத்துக்கு இழப்பு என்ற அச்சம் இங்கே எப்போதும் இருக்கும். எனவே அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் குடிநோய் சிகிச்சைக்கென ஒதுக்கக் கோருங்கள். தாய்லாந்து 2001 முதல் மது, புகையிலை மீது 2 விழுக்காடு கூடுதல் தீர்வை வாங்கி நலவாழ்வு நிதியம் ஒன்றை நடத்துகிறது. சிகிச்சை இல்லாத வரி உயர்வு, குடிக்கு அடிமையானவரின் வீட்டு அரிசிப் பணத்தைத்தான் முதலில் தின்னும் என்பதால், இந்தக் கோரிக்கையை நான் வரி உயர்வுக்கு நிகராகவே மதிக்கிறேன்.

கள்ளச்சாராயம் பெருகும் என்ற மறுப்பு கட்டாயம் வரும், அது நியாயமானதும்கூட. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆகவே ஒரே அடியாக அல்லாமல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்தவும், மெத்தனால் கொள்முதலையும் போக்குவரத்தையும் கண்காணிக்கவும், வரி குறைவான புதுச்சேரியின் எல்லையில் கடத்தலைத் தடுக்கவும் சேர்த்தே கேளுங்கள்.

வரியை உயர்த்தினால் குடியால் நேரும் குற்றம் குறையும் என்று வெறுமனே எழுதாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, குடிபோதையில் வாகனம் ஓட்டியது, குடும்ப வன்முறை ஆகியவை தொடர்பாக உங்கள் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையைப் பெற்று இணையுங்கள். வரி உயர்ந்து ஓராண்டு கழிந்ததும் அதே விவரங்களை மீண்டும் கேட்டு வாங்குங்கள்.