விஸ்காம் படிக்கப் போகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து ஜூன் கடைசி வரை எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "பையன் கேமராப் படிப்புக்குப் போறேங்கறானுங்க. சேத்தலாமுங்களா?" சேர்க்கலாம். கோவையில் விளம்பரப் படமும், திருப்பூர்க்காரர்களுக்குக் கேட்டலாக் போட்டோவும் எடுத்துப் பிழைக்கிற நான் வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் சேர்ந்த பிறகு மூன்று வருஷத்தை இவர்கள் கழிக்கிற விதத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாங்கள் படிக்கும்போது அடித்த அதே கூத்தை, எங்களிடம் இருந்ததைவிட நல்ல கேமராவை வைத்துக்கொண்டு அடிக்கிறார்கள். அரியர் வைக்காதே, வகுப்பைக் கட் அடிக்காதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

போர்டில் இருக்கும் பெயரை நம்புவது

பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் (இதைத்தான் விஸ்காம் என்கிறோம்), பி.எஸ்சி. எலக்ட்ரானிக் மீடியா, பி.ஏ. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் என்று பல பெயர்களில் இந்தப் படிப்பு ஓடுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஊருக்கு ஊர் மாறும். கொங்கு மண்டலமே மூன்று பல்கலைக்கழகங்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரிக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். சேலம், நாமக்கல் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போகும். கரூர் திருச்சிப் பக்கம், பாரதிதாசனுக்குப் போய்விடும். போதாததற்குத் தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. அதனால் எந்தக் கல்லூரியில் சேர்கிறீர்களோ அதன் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். கேமரா எந்த செமஸ்டரில் வருகிறது, எடிட்டிங் எப்போது, எழுத்துக்கு எத்தனை தாள் என்று பாருங்கள். டைரக்டர் ஆகும் கனவோடு உள்ளே போகிற பையனை முதலில் வரவேற்பது பெரும்பாலும் டிராயிங் தாளும், 1948இல் அமெரிக்க அறிஞர் லாஸ்வெல் கேட்ட 'யார், எதை, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு' என்ற கேள்வியும்தான். அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் ஒவ்வொரு விளம்பரத்துக்கு முன்பும் கேட்டுக்கொள்கிறேன், அது வேறு விஷயம்.

லேபை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை கேமரா இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். மாணவன் கையில் எத்தனை மணி நேரம் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்.

எயிடடா, செல்ஃப் பைனான்ஸா?

அரசு உதவியில் நடக்கும் பிரிவா, கல்லூரியே கட்டணம் வாங்கி நடத்தும் பிரிவா என்பது விண்ணப்பம் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது. சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

முதல் வருஷமே கேமரா வாங்குவது

வேண்டாம். சீட்டுப் பணம் சீட்டிலேயே இருக்கட்டும்.

சீல் வாங்குகிற இன்டர்ன்ஷிப்

இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இந்தப் படிப்பில் எங்காவது போய் சில வாரமாவது வேலை பார்த்துச் சான்றிதழ் வாங்கிவரச் சொல்வார்கள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மாமன் வைத்திருக்கும் கல்யாண ஸ்டுடியோ, அப்பாவின் சிநேகிதருடைய பிரிண்டிங் பிரஸ் என்று எங்காவது போய் லெட்டர்பேடில் நாலு வரி அடித்து, சீல் குத்தி வாங்கிவந்துவிடுகிறார்கள். என் ஆபீசுக்கே இதற்காக வருகிறவர்கள் உண்டு. "சார், வேலைக்கெல்லாம் வர்ல, சீல் மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதுங்க." கூடவே டைப் அடித்த சான்றிதழும் இருக்கும். அதில் பொங்கலன்றும் இவர் வேலைக்கு வந்திருப்பார்.

ஒரு முறை அசிஸ்டென்ட் வேலைக்கு ஒரு பையன் வந்தான். திருப்பூரில் ஒரு மாதம் புராடக்ட் போட்டோகிராபி செய்ததாகச் சான்றிதழ். கேட்டேன்: "டீஷர்ட் கலர் போட்டோல வேற மாதிரி வந்தா என்ன பண்ணுவே?" "எடிட்டிங்ல மாத்திருவேனுங்க சார்." "எதப் பாத்து மாத்துவே?" பதில் இல்லை.

ஒரு மாதம் அங்கே நின்றிருந்தால், எதுவும் செய்யாமல் வேடிக்கை பார்த்திருந்தால்கூட, இதற்குப் பதில் தெரிந்திருக்கும். திருப்பூரில் துணிக்கு ஒரு ஷேடு ஓகே ஆவதற்கு முன் லேப் டிப் என்று சாயம் ஏற்றிய சின்னத் துண்டு ஆர்டர் கொடுத்த பையருக்குப் போய், அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மற்ற வேலை நடக்கும். போட்டோவில் நிறத்தைச் சரி பார்க்க அந்தத் துண்டுதான் அளவுகோல். ஷூட் நடக்கும் அறையில் டியூப்லைட்டை அணைக்க வேண்டும். அதன் வெளிச்சமும் நம் லைட்டும் கலந்தால் வெள்ளை பனியனில் பச்சை அடிக்கும். முதல் ஃப்ரேமில் கிரே கார்டை, அதாவது நிறத்தைச் சரி பார்க்க உதவும் சாம்பல் அட்டையை, வைத்து எடுக்க வேண்டும். துணிக்கு ஸ்டீம் அயர்ன் போட்டு, பின்பக்கம் கிளிப் மாட்டி, நூல் பிசிறை டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஸ்டைல் நம்பரையும் கலரையும் பெயராக வைக்க வேண்டும். நேவியும் கறுப்பும் மாறிப் போனால் அன்றைய ஷூட்டே வீண். இதில் பாதி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

கல்லூரி லேபில் தப்பாக எடுத்தால் மார்க்தான் குறையும். வெளியில் தப்பாக எடுத்தால் இன்னொருவர் பணம் போகும். அந்தப் பயம் கூடவே இருக்க, பத்திரமாகக் கற்றுக்கொள்ளக் கிடைக்கிற வாய்ப்பு அந்தச் சில வாரங்கள் மட்டும்தான். அதை ஒரு ரப்பர் ஸ்டாம்புக்கு விற்றுவிட்டு, டிகிரி முடித்த பிறகு சம்பளமில்லாத டிரெய்னியாக மாதக்கணக்கில் அதையே படிக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. இன்னொன்று, கோவை சின்ன ஊர். இங்கே தொழிலில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பழக்கம். சான்றிதழில் இருக்கிற பெயருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது.

சரி, எப்படிச் செய்வது? கடைசி செமஸ்டர் வரட்டும் என்று இருக்காதீர்கள். முதல் வருஷம் முடிகிற விடுமுறையிலேயே ஓர் இடம் பிடியுங்கள். கேட்கவும் நேரம் காலம் உண்டு. ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் ஆனியிலேயே தயாராகும். தீபாவளிக்கு ஆவணியிலேயே பரபரப்பு தொடங்கிவிடும். அந்தச் சமயத்தில் கை குறைகிறது என்று நாங்களே ஆள் தேடுவோம். பெரிய ஏஜென்சிதான் வேண்டும் என்பதில்லை. பம்ப் கம்பெனிகள், நகைக்கடைகள், ஆஸ்பத்திரிகள், நாளிதழ்களின் கோவைப் பதிப்புகள், எஃப்.எம். நிலையங்கள் என்று எத்தனையோ இருக்கின்றன. கல்யாண ஸ்டுடியோவும் நல்ல இடம்தான், முகூர்த்த நாளில் நிஜமாகவே போய் நின்றால்.

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முதல் வாரம் முழுக்கத் துணிகளுக்கு டேக் எழுதும் வேலைதான் கொடுத்தேன். ஒரு நோட்டில் தேதி போட்டு, அன்றைக்கு எந்த வேலை, எங்கே சொதப்பல், யார் எப்படிச் சரி செய்தார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தாள். அவள் எழுதியதைப் பார்த்துத்தான் எங்கள் ஷூட்டில் எப்போதும் எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்று எனக்கே புரிந்தது. இப்போது அவள் எங்களிடம் வேலை பார்க்கிறாள். அவளிடம் நான் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

பார்ட் ஒன் தமிழ்தானே என்று தள்ளிவிடுவது

டிகிரியில் மொழிப் பாடமாக வரும் தமிழைச் சொல்கிறேன். இந்த ஊரில் விளம்பரம் தமிழில்தான் போகும். தமிழில் நாலு வரி நறுக்கென்று எழுதுகிற டிசைனர் கிடைத்தால் விடமாட்டோம். யூனிகோடில் வேகமாகத் தட்டப் பழகுங்கள், தமிழ்99 கீபோர்டு பழகினால் இன்னும் நல்லது. அப்புறம் ஒரு சின்ன விஷயம். பழைய போட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை மாற்றி வைக்காமல் 'கோவை' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். அதைக் கவனிக்காமல் ஃபிளெக்ஸ் அடித்து மேட்டுப்பாளையம் ரோட்டில் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

உதவித்தொகையை விட்டுவிடுவது

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மாதம் 1000 ரூபாய். தமிழ்ப் புதல்வனை 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்ததே கோவை அரசு கலைக் கல்லூரியில்தான். பஸ்ஸுக்கும் மெமரி கார்டுக்கும் ஆகும்.

சினிமா என்றால் விஸ்காம் மட்டும்தான் என்று நினைப்பது

கேமராவோ எடிட்டிங்கோதான் வாழ்க்கை என்று பிளஸ் டூவிலேயே முடிவு செய்துவிட்டவர்களுக்குச் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் அரசு திரைப்பட நிறுவனம் இருக்கிறது. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. நம் ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர்களே குறைவு, பலருக்குத் தெரிவதில்லை. புனே திரைப்பட நிறுவனத்தில் டைரக்‌ஷன் சேர ஏதாவது ஒரு டிகிரி போதும். வரலாறோ பொருளாதாரமோ படித்துவிட்டுப் போனாலும் தடையில்லை, சொல்லக் கையில் நாலு விஷயமாவது இருக்கும்.

எம்.ஏ. பற்றி ஆறாவது செமஸ்டரில் யோசிப்பது

ஐதராபாத், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பம் ஐந்தாவது செமஸ்டர் முடிகிற சமயத்திலேயே வந்து போய்விடும். கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் என்ற தகுதித் தேர்வு இருக்கிறது, அதில் இதழியலுக்கென்றே தனித் தாள் உண்டு.

ஒரே ஹார்ட் டிஸ்க்

இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றையும் வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வெயிலில் காய வைக்காதீர்கள்.