அரசாங்கச் செலவுக் குறைப்பைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மாலை வேளைகளில் நான் பொருளியல் கற்பிக்கும் மாணவர்களிடம், அரசாங்கம் செலவைக் குறைத்தால் வளர்ச்சியும் வேலைவாய்ப்பும் கூடுமா குறையுமா என்று ஆண்டுதோறும் ஒரு கட்டுரை எழுதச் சொல்வதுண்டு. இம்முறை வந்த இருபத்தெட்டுக் கட்டுரைகளைத் திருத்தியபோது, திட்டமிடல் பிரிவொன்றில் பணியாற்றிய காலத்தில் நானே எழுதிக் கையொப்பமிட்ட தவறுகளை அவற்றில் மறுபடியும் கண்டேன். வரைவிலக்கணத்தை மறப்பது, அட்டவணையைப் பிழையாகக் கூட்டுவது போன்றவை பயிற்சியில் திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பற்றாக்குறைக் குறைப்பைச் செலவுக் குறைப்பு என்று எழுதுவது

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்திய இலங்கை, 2024 இல் 5 சதவீதம் வளர்ந்தது. செலவைச் சுருக்கியதால்தான் நாடு நிமிர்ந்தது என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். ஆனால் வருமானத்தை விடச் செலவு மிஞ்சி நிற்கும் தொகையான பற்றாக்குறை சுருங்கியதில் பெரும்பங்கு வருமானப் பக்கத்திலிருந்தே வந்தது. 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, 2022 இல் 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தைச் சற்றே தாண்டி நின்ற அரச வருமானம் இரண்டே ஆண்டுகளில் 13 சதவீதத்தைக் கடந்தது. அதே காலத்தில் எரிபொருள் வரிசைகள் மறைந்தன, வட்டி வீதம் இறங்கியது, நிலாவெளிக் கடற்கரைக்கு வெளிநாட்டுப் பயணிகள் திரும்பி வந்தார்கள். இத்தனையும் சேர்ந்து நடந்திருக்க, ஒரு காரணத்தின் கணக்கில் மட்டும் முழு வளர்ச்சியையும் எழுதுவது சரியல்ல. 2022 இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியதைச் செலவுக் குறைப்பின் தலையில் சுமத்துவதும் அதே அளவு பிழையானது, ஏனெனில் அந்த ஆண்டு எரிபொருளும் மருந்தும் வாங்கவே நாட்டிடம் டொலர் இருக்கவில்லை.

நிறுத்திய வேலையைச் சேமிப்பு என்று எழுதுவது

இந்தத் தவறைக் காணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனெனில் அதை நானே செய்திருக்கிறேன், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2022 இல், புதிய வேலைகளைத் தொடங்க வேண்டாம், அவசரமற்றவற்றை நிறுத்துங்கள் என்று பணிப்புரை வந்தபோது, நிறுத்தக்கூடிய வேலைகளின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தம்பலகாமம் பக்கம் வயல்வெளிக்குள் இறங்கும் வீதியொன்றில் ஒரு மதகு பாதியில் நின்றது. அடித்தளம் போட்டாயிற்று, பக்கச்சுவருக்குக் கம்பியும் கட்டியாயிற்று, கொங்கிறீற் ஊற்றுவதுதான் மீதம். செலவிடப்படாத தொகையை நான் ‘சேமிப்பு’ என்ற நிரலில் எழுதினேன். கூட்டுத்தொகை நன்றாக வந்தது, மேலிடத்திலும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

கார்த்திகை மழை, நிரப்பியிருந்த மண்ணை அரித்துக்கொண்டு போனது. தை மாதத்தில் போய்ப் பார்த்தபோது கம்பிகள் செங்காவி நிறத்தில் துருவேறி நின்றன, விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்ந்தன, அடித்திருந்த பலகைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாசியில் அறுவடை தொடங்கியதும் உழவு இயந்திரப் பெட்டிகள் சுற்றுப்பாதையால் நெல்லை ஏற்றிச் சென்றன, அந்த மேலதிகக் கூலியை விவசாயிகளே தங்கள் நெல்விலையிலிருந்து கொடுத்தார்கள். செய்து முடித்த பகுதிக்கான பணம் ஒப்பந்தக்காரருக்கு மாதக்கணக்கில் வரவில்லை, அதனால் அவர் ஹாட்வெயார் கடையில் வாங்கிய சிமெந்துக்கும் பணம் கட்ட முடியவில்லை. அங்கே வேலை செய்த மேசன்களில் ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார். பிறகு வேலையை மீண்டும் தொடங்கத் தயாரித்த மதிப்பீட்டில், துருப்பிடித்த கம்பியை வெட்டி அகற்றும் செலவிலிருந்து கணக்கிட வேண்டியிருந்தது. அது முதல் மதிப்பீட்டின் இரு மடங்கைத் தாண்டியது.

ஆகவே நான் சேமிப்பு என்று எழுதிய தொகையில் ஒரு பகுதி, திறைசேரியின் ஏட்டிலிருந்து கடைக்காரரின் கடன் கொப்பிக்கு இடம் மாறிய கடன், இன்னொரு பகுதி பிந்திய ஆண்டின் கூடுதல் செலவு. உண்மையில் மிஞ்சியது எவ்வளவு என்று நான் தேடிப் பார்க்கவே இல்லை.

நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது ஏன் பெரும்பாலும் மூலதனச் செலவாக இருக்கிறது என்பதையும் மாணவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றை நினைத்தவுடன் நிறுத்த முடியாது, வீதியையும் குளத்தையும் பாடசாலைக் கட்டடத்தையும் ஒரு கடிதத்தால் நிறுத்திவிடலாம். ஆனால் வேலையாட்களையும் உள்ளூர்க் கடைகளையும் நேரடியாகத் தாங்குவது இந்தச் செலவுதான், பின்னாளின் உற்பத்திக்கு வழி திறப்பதும் இதுதான். இலங்கையின் கட்டுமானத்துறை 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. பொருள் தட்டுப்பாட்டுக்கும் விலையேற்றத்துக்கும் அதில் பங்கு உண்டு, நிறுத்தப்பட்ட அரச வேலைகளுக்கும் உண்டு. எனவே செலவுக் குறைப்பு எதையேனும் மதிப்பிடும்போது, இந்த ஆண்டு கொடுக்காமல் விட்ட தொகை, செய்த வேலைக்கு இன்னும் கொடுக்க வேண்டிய தொகை, மீண்டும் தொடங்கத் தேவைப்படும் தொகை என மூன்று நிரல்களைப் போடுங்கள்.

ஒரே பெருக்கியை எல்லா நாட்டுக்கும் ஒட்டுவது

அரசாங்கம் ஒரு ரூபாயைக் குறைத்தால் நாட்டின் உற்பத்தி எத்தனை ரூபாயால் குறையும் என்பதே பெருக்கி. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீத அளவுக்குச் செய்யப்படும் நிதிச் சீராக்கம், அதாவது செலவைக் குறைத்தோ வரியைக் கூட்டியோ பற்றாக்குறையைச் சுருக்குவது, இரண்டு ஆண்டுகளில் உற்பத்தியைச் சுமார் 0.5 சதவீதம் குறைக்கிறது என்று சர்வதேச நாணய நிதியம் 2010 இல் கணித்தது. அந்த நிதியத்தின் ஒலிவியே பிளான்சார்டும் டானியல் லீயும் 2012 இல், நெருக்கடிக் காலத்து எதிர்வுகூறல்களில் பயன்பட்ட பெருக்கி சுமார் 0.5 ஆக இருந்தபோதிலும் உண்மையான அளவு 0.9 க்கும் 1.7 க்கும் இடையில் இருந்திருக்கலாம் என்று காட்டினார்கள். செலவைக் கடுமையாக வெட்டிய கிரேக்கத்தின் உற்பத்தி ஏறத்தாழக் கால்வாசி சுருங்கி, 2013 இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. கடனை உற்பத்தியால் வகுப்பதே கடன் விகிதம். தொகுதியெண்ணான கடனை விடப் பின்னத்தின் கீழே நின்ற உற்பத்தி வேகமாகச் சுருங்கியதால், வெட்டிய பின்னும் அந்த விகிதம் ஏறியது. 1990 களின் நடுவில் கனடா செலவைக் கடுமையாக வெட்டியும் வளர்ந்தது. வட்டி இறங்கியது, நாணயம் மலிந்திருந்தது, பக்கத்திலிருந்த அமெரிக்கா செழித்து அதன் பொருட்களை வாங்கியது. யூரோவைப் பயன்படுத்திய கிரேக்கத்துக்கோ மலிய விடுவதற்குச் சொந்த நாணயமே இருக்கவில்லை.

வேலையின்மை வீதத்தோடு நிறுத்திக்கொள்வது

2022 இலும் 2023 இலும் இலங்கையின் வேலையின்மை வீதம் 5 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது. ஆனால் கணக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் வேலையுள்ளவராகவே எண்ணப்படுகிறார், வேலை தேடுவதைக் கைவிட்டவர் கணக்கிலேயே வருவதில்லை. 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவுசெய்து சென்றார்கள், அவர்களும் இந்த வீதத்தில் தெரிவதில்லை.

பணவீக்கத்தைக் கழிக்காமல் ஒப்பிடுவது

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. அப்படியான ஆண்டில் ரூபாய்க் கணக்கில் கூடிய செலவும், விலையேற்றத்தைக் கழித்தால் உண்மையில் குறைந்ததாக இருக்கலாம்.

வெட்டவே கூடாது என்று முடிப்பது

மேலே சொன்னவற்றைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கு வருவோரும் உண்டு. கடன் கொடுக்க யாரும் முன்வராத நாட்டில், வெட்டாத செலவுக்கான பணத்தை மத்திய வங்கி அச்சிட்டே கொடுக்க வேண்டியிருக்கும், அதன் சுமை விலையேற்றமாக நாட்கூலிக்காரரின் அரிசியில்தான் முதலில் இறங்கும். 2022 இல் எங்களுக்கு வெட்டாமல் இருக்கும் வழி இருக்கவில்லை, எதை வெட்டுவது என்ற தெரிவு மட்டும் இருந்தது. அந்த மதகைப் பட்டியலில் சேர்த்த நாளில், பாதிக்கு மேல் முடிந்த வேலைகளையும் தொடங்கவே தொடங்காத வேலைகளையும் நான் வேறு வேறாகப் பிரித்திருந்தால், அதே தொகையை இரண்டாவது பட்டியலிலிருந்தே எடுத்திருக்கலாம்.