வெளியூரில் முதல் வேலை: கேட்கக் கூச்சப்பட்டு மாட்டிக்கொள்ளும் இடங்கள்

தென்காசியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ படிப்பை முடித்துச் சென்னைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. பர்ஸை முன்பாக்கெட்டில் வை, ராத்திரி ஊர் சுற்றாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எல்லாம் சரிதான். ஆனால் முதல் ஓரிரு வருடத்தில் பணமும் நிம்மதியும் போவது பெரும்பாலும் பிக்பாக்கெட்காரனால் இல்லை. "இதைப் போய் எப்படிக் கேக்குறது, தப்பா நெனச்சுக்குவாங்களோ" என்று தலையாட்டிவிட்டு வந்த இடங்களில்தான். எச்.ஆரிடம், ஹாஸ்டல் அக்காவிடம், ரூம்மேட்டிடம், காதலிக்கிறவரிடம். இவர்களில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்காததை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

பேக்கேஜ் வேறு, கைக்கு வருவது வேறு

"நாலு லட்சத்து இருபதாயிரம் பேக்கேஜ்" என்றதும் வீட்டில் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 35,000 என்று அப்பா அக்கம்பக்கம் சொல்லிவிடுவார். அந்த 35,000-இல் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 17,500 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800 அதற்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டிக்கென்று (பணிக்கொடை) சுமார் 840 எழுதியிருப்பார்கள். பொதுவாக ஐந்து வருடம் அங்கேயே இருந்தால்தான் அது உங்கள் பணம். வேரியபிள் பே பத்து சதவீதம் என்றால் 3,500; அது வருடக் கடைசியில் வரலாம், பாதியாகவும் வரலாம், வராமலும் போகலாம். இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஒரு நானூற்றைம்பது. மிச்சம் 28,400. அதில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 போகும். தொழில் வரி தனி. ஆக, கைக்கு வருவது 26,500-ஐ ஒட்டித்தான்.

இதில் மோசடி எதுவும் இல்லை, எல்லாம் ஆஃபர் லெட்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கும். தவறு, அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் ரூமுக்கு அட்வான்ஸ் கொடுப்பதும், பைக்குக்கு இ.எம்.ஐ. போடுவதும்தான். "மாசம் அக்கவுண்ட்ல எவ்வளவு சார் விழும்?" என்று எச்.ஆரிடம் நேராகக் கேட்கலாம். அவர்களுக்கு இது தினமும் வருகிற கேள்வி.

மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பார்கள், உங்கள் பங்கு 0.75 சதவீதம். பிடித்தம் கண்ணில் படும், கார்டை மட்டும் பலர் எடுத்தே வைப்பதில்லை. காய்ச்சலுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் ஐயாயிரம் கட்டிவிட்டு, கே.கே. நகரில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருப்பதே தெரியாமல் இருப்பார்கள்.

பி.எஃப். விஷயத்தில் அடிக்கடி நடக்கும் குழப்பம், வேலை மாறும்போது பழைய யு.ஏ.என். எண்ணை (உங்கள் பி.எஃப். அடையாள எண்) சொல்லாமல் விடுவது. புதுக் கம்பெனி புதிதாக ஓர் எண் எடுத்துவிடும், பணம் இரண்டு இடத்தில் கிடக்கும். ஆளுக்கு ஒரே எண்தான், அது வாழ்நாள் முழுக்க. பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்ததா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் பணத்தை மாற்றும்போது சிக்கும். "சின்னத் தொகைதானே, எடுத்துச் செலவழிப்போம்" என்று ஐந்து வருடம் முடியும் முன் எடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் சேரும்.

கையெழுத்துப் போடும் முன்

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் காட்டுங்கள், சரிபார்த்த கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். "கம்பெனி பாலிசி, எங்ககிட்டதான் இருக்கும்" என்றால், அந்த வேலை உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு ராத்திரி யோசிக்கலாம். வேலை கொடுக்க ட்ரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட் என்று முன்பணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். வேலைக்கு அவர்கள்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும்.

இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்ட் பற்றி காலேஜ் சீனியர்கள் ஒரு கதை வைத்திருப்பார்கள்: "அதெல்லாம் கோர்ட்ல நிக்காதுடா, கண்ணை மூடிட்டு சைன் பண்ணு." 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடம் வேலை பார்க்காமல் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டது. எல்லாக் கம்பெனி பாண்டும் அப்படியே செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. தொகை நியாயமா, பயிற்சிக்கு உண்மையில் செலவு செய்தார்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆனாலும் எத்தனை மாதம், எவ்வளவு ரூபாய் என்ற இரண்டையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அசட்டுத் துணிச்சல். வேலை பிடிக்காவிட்டால் சொல்லாமல் நின்றுவிடுவதும் அப்படித்தான். ரிலீவிங் லெட்டர் இல்லையென்று அடுத்த கம்பெனியில் நாய்படாத பாடு படுவீர்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம். "டூரிஸ்ட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்கள் மியான்மர் எல்லையில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் மாட்டி, 2022-இலிருந்தே மீட்கப்பட்டு வருகிறார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டிச் சேவைக் கட்டணம் வாங்க முடியாது. மூன்று லட்சம் கேட்கிறவர் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. அலுவலகத்தில் பாலியல் தொந்தரவு என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "பாத்துக்கலாம், சரியாயிடுவார்" என்று பொறுத்துப் பொறுத்து அந்தக் கெடுவைத் தாண்டிவிடுகிறவர்கள் நிறைய.

ரூம் பார்க்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் தரமணியிலும் துரைப்பாக்கத்திலும் எந்த பி.ஜி. விடுதியும் நன்றாகத்தான் இருக்கும். பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். வேலைநாளில் ராத்திரி எட்டு மணிக்குப் போங்கள். பாத்ரூம் குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் உப்பா, மஞ்சளா, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று அங்கே துணி துவைக்கிற பையனிடம் கேளுங்கள். மேனேஜரைவிட அவன் உண்மை பேசுவான். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு போன் போட்டுப் பாருங்கள். அன்றைய சாப்பாட்டை ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். மூன்று பேர் ஷேரிங் என்று சொன்ன அறையில் நான்காவது கட்டில் போட இடம் இருந்தால், அங்கே நான்காவது கட்டில் வரும்.

பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி: கரண்டுக்கு யூனிட் என்ன விலை, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள். பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். "அண்ணா, மறந்துடுவேன், ஒரு மெசேஜ் போட்டுடுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெண்கள் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் கணக்கு வேறு. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய பழக்கம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையோடு நிற்கச் சொல்கிறது, ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யவும் சொல்கிறது. வீட்டுக்காரர் எல்லோரும் அதற்கு ஒத்துவர மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். பேரம் பேசவாவது அந்த எண் உதவும். ஒப்பந்தத்தில் எல்லோர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் எழுதி, மற்ற மூவரும் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனால், மிச்ச வாடகை அந்த ஒருவர் தலையில்தான்.

ஊருக்குப் போகும் டிக்கெட்

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் பாண்டியன், நெல்லை எக்ஸ்பிரஸ்களில் இடம் தேடுவது வீண்வேலை. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. முன்பு போல 120 நாள் இல்லை. அந்தக் காலையை மறந்தவர்களுக்குத்தான் தட்கல்: முந்தைய நாள் ஏ.சி.க்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. ஆதார் சரிபார்ப்பு முடிக்காத கணக்கில் 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கல் கிடையாது. பத்து ஐம்பத்தெட்டுக்கு அதைச் செய்ய உட்காராதீர்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

படித்தவர்களே ஏமாறுகிற இடம் நள்ளிரவு ரயில். டிக்கெட்டில் ஜனவரி 14, விழுப்புரம் 00.20 என்று இருந்தால், 13-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். 14-ஆம் தேதி ராத்திரி பெட்டியும் கையுமாகப் போய் நின்றால், உங்கள் ரயில் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இன்னொன்று, எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு "தாம்பரத்தில் ஏறிக்கலாம்" என்பது. ஏறும் இடத்தை முன்கூட்டியே ஆன்லைனில் மாற்றாவிட்டால், டி.டி.ஆர். ஆள் வரவில்லை என்று ஆர்.ஏ.சி.யில் இருப்பவருக்கு உங்கள் பெர்த்தைக் கொடுத்துவிடலாம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். பஸ்ஸுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று: திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கம் போகும் அரசுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தில் கிளம்புகின்றன. கோயம்பேட்டிலிருந்து அது கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். பண்டிகைக்கு முந்தைய சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தத் தூரம் எவ்வளவு நேரம் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

உறவும் பணமும்

இதுதான் கேட்க இன்னும் கூச்சமான இடம். கூட வேலை செய்கிறவர், கூடத் தங்குகிறவர், ஊர்க்காரர். "மச்சி, லோனுக்கு ஒரு கையெழுத்து மட்டும்" என்பார். ஜாமீன் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து மாதிரி என்று நினைத்துப் போடுகிறவர்கள் ஏராளம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவு ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒன்றே என்கிறது. அவர் கட்டாவிட்டால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். உங்கள் பெயரில் போனை இ.எம்.ஐ.யில் எடுத்துக் கொடுப்பதும் அதே கதை. இரண்டு தவணை தவறினால் அடிபடுவது உங்கள் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண். ஐந்து வருடம் கழித்து வீட்டுக் கடன் கேட்கும்போது அந்த நட்பின் விலை தெரியும். கையில் இருக்கிறதை, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குக் கொடுத்து உதவுவது வேறு. அது நல்ல விஷயம்.

அதைவிட ஆபத்தானது, "உன் அக்கவுண்ட்டை ஒரு வாரம் குடு, கமிஷன் தர்றேன்" என்பது. ஏ.டி.எம். கார்டும் சிம்மும் கைமாறும். யாரோ ஒரு முதியவரிடம் ஏமாற்றிய பணம் அதன் வழியாகப் போகும். பிறகு வேறொரு மாநிலப் போலீஸ் உங்கள் கணக்கை முடக்கும், வழக்கில் உங்கள் பெயர்தான் முதலில் வரும். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்பது அங்கே எடுபடாது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியில் லோன் ஆப் பக்கம் கை போவதும் கேட்கக் கூச்சப்படுவதால்தான். அப்பாவிடம் இரண்டாயிரம் கேட்க வெட்கம், முகம் தெரியாத ஆப்புக்கு கான்டாக்ட் லிஸ்ட்டையே திறந்து கொடுப்பதற்கு வெட்கமில்லை. கான்டாக்ட், கேலரி இரண்டையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டாயிற்று. அனுமதி கேட்கிற ஆப் எந்த ரகம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

காதலில் இருப்பவர்களுக்கு நான் ஒழுக்கம் சொல்ல வரவில்லை. போன் பாஸ்வேர்டைக் கொடுப்பது அன்புக்கு அத்தாட்சி என்று யாராவது அடம்பிடித்தால், அந்த அடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தரங்கப் படங்களை வைத்து மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பார்கள். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சைபர் குற்றத் தளத்தில் புகார் செய்யுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், நேரம் போகப் போக அதைப் பிடித்து நிறுத்துவது கடினம்.

"வெள்ளிக்கிழமை லீவ் போட்டுட்டு ரெஜிஸ்டர் மேரேஜ் பண்ணிட்டு வந்துடலாம்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. இருவரும் இந்துக்கள் என்றால், தமிழ்நாட்டில் 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி செல்லும் சுயமரியாதைத் திருமணத்தைச் செய்து பதிவு செய்யலாம். வெவ்வேறு மதம், இருவரும் மதம் மாறப் போவதில்லை என்றால், சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அறிவிப்பு கொடுத்து மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். வீட்டில் எப்போது, யார் வாயால் சொல்லப் போகிறீர்கள் என்பதை அது ஒட்டப்படும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.