ஏஐயை வச்சு லிட்ரேச்சர் ரிவ்யூ (நம்ம தலைப்புல ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படிச்சுத் தொகுக்கிறது) பண்றது எப்படி? புதுசா பிஎச்டி சேர்ந்தவங்களுக்கு

முதல் ஸ்டெப், பேப்பர் தேடுறது. இதை நீங்களே பண்ணுங்க. கூகுள் ஸ்காலர் இருக்கு, இந்தியாவுல வந்த தீசிஸ் வேணும்னா சோத்கங்கா இருக்கு. என்ன கீவேர்டு போட்டுத் தேடலாம்னு மட்டும் சாட்ஜிபிடி கிட்ட கேளுங்க, அதுல நல்லாவே உதவும்.

ரெண்டாவது, கிடைச்ச பேப்பரை முதல்ல நீங்க படிங்க. படிச்சுட்டு உங்க வார்த்தையில அஞ்சாறு வரி எழுதுங்க, தமிழ்ல எழுதினாலும் சரி. அப்புறமா பேப்பரையும் உங்க குறிப்பையும் குடுத்து "நான் எதைத் தப்பா புரிஞ்சிருக்கேன், எதை விட்டுட்டேன், அது எந்தப் பக்கத்துல இருக்கு"ன்னு கேளுங்க, சொன்ன பக்கத்தைத் திறந்தும் பாருங்க. இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க ப்ளீஸ், சுருக்கத்தை முதல்ல படிச்சுட்டா பேப்பரையே படிச்ச நினைப்பு வந்துடும், அப்புறம் வைவால (நேர்முகத் தேர்வுல) வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் "இந்த ஸ்டடியில சாம்பிள் எப்படி எடுத்தாங்க"ன்னு கேட்டா முழிக்க வேண்டியதுதான்.

மூணாவது ரெஃபரன்ஸ், இங்கதான் நிறைய பேரு மாட்டுறாங்க. சாட்ஜிபிடி மாதிரி மாடல் எல்லாம் அடுத்து என்ன சொல் வரும்னு கணிச்சு எழுதுறதுதான், அதனால அது குடுக்குற ரெஃபரன்ஸ்ல ஆத்தர் பேரு, வருஷம், ஜர்னல் எல்லாம் கச்சிதமா இருக்கும், ஆனா சில சமயம் அப்படி ஒரு பேப்பரே இருக்காது. 2023ல நியூயார்க்ல வக்கீலுங்க சாட்ஜிபிடி குடுத்த இல்லாத தீர்ப்புகளை கோர்ட்டுல காட்டி 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டியதாச்சு. அதனால ஒவ்வொரு டிஓஐயையும் (பேப்பருக்கான நிரந்தர லிங்க் நம்பர்) திறந்து பாருங்க. திறந்தா மட்டும் பத்தாது, சில சமயம் வேற பேப்பருக்குப் போகும், தலைப்பு ஒத்துப்போகுதா, நீங்க எழுதின விஷயம் அதுல நிஜமாவே இருக்கான்னு பாருங்க.

அடுத்து இங்கிலீஷ் திருத்தம். ஒவ்வொரு பாராவா குடுங்க, என்னென்ன மாத்தினன்னு தனியா லிஸ்ட் கேளுங்க. "தொடர்பு இருக்கலாம்"னு நீங்க எழுதினதை "இதுதான் காரணம்"னு அழகா மாத்தி வச்சிருக்கும், கவனிக்கலன்னா உங்க ரிசல்ட்டே பொய்யாயிடும். சிமிலாரிட்டியை (அடுத்தவங்க எழுதினதோட ஒத்துப்போற அளவை) 10%க்குள்ள கொண்டுவரணும்னு அடுத்தவங்க பாராவை ஏஐல போட்டு வார்த்தை மாத்துறது இன்னும் மோசம், யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி ஐடியாவை எடுத்துட்டு பேர் போடலன்னாலும் திருட்டுதான்.

பேட்டி குடுத்தவங்க பேரு, நோயாளி டேட்டா, ரிவ்யூவுக்கு வந்த அடுத்தவங்க மேனுஸ்கிரிப்ட் எதையும் அப்லோட் பண்ணாதீங்க.

கடைசியா, எந்த டூல், எந்த வெர்ஷன், எதுக்குன்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க. நேச்சர், எல்செவியர் மாதிரி ஜர்னல், பதிப்பகம் எல்லாம் ஏஐயை ஆத்தரா ஏத்துக்கிறதில்ல, யூஸ் பண்ணினதைச் சொல்லச் சொல்றாங்க. கைடு கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க.